மண்வள அட்டையில் ஒரு வரி குறைகிறது

நீலகிரி மலையின் விவசாயம், தோட்டக்கலை, வனம் மூன்றையும் கவனிக்கும் அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம். மண்வள அட்டையில் மண்புழு போன்ற மண்வாழ் உயிர்களை எண்ணி எழுத ஒரு வரி வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு போடுகிறவள். பிறந்தது மேட்டுப்பாளையத்தில். கல்யாணமாகி மலையேறி 27 வருடம் ஆகிறது. வந்த புதிதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது இங்கத்து மண்தான். எங்கள் ஊர் மண்ணில் கோடையில் கடப்பாரை போட்டால் டங்கென்று சத்தம் கேட்கும். இங்கே கையை விட்டால் மணிக்கட்டு வரை உள்ளே போனது. கறுப்பாக, ஈரமாக, புதுமழை வாசனையோடு இருந்தது. மண்ணுக்குள் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனைதான் அது என்று பல வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குள் எங்கள் நிலத்தில் அந்த வாசனை மங்கிப்போயிருந்தது.

அது எப்படி மங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது.

பதினைந்து, பதினாறு வருடத்துக்கு முன் ஒரு போகம் கேரட் வளராமல் நின்றுவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு கவைகவையாகப் பிரிந்து, வேரெல்லாம் சின்னச் சின்ன முடிச்சு. வேரைத் தாக்கும் மிக நுண்ணிய நூற்புழு என்றார்கள். மருந்துக்கடையில் குருணை மருந்து கொடுத்தார்கள். பாத்திக்கு இவ்வளவு என்று சொன்னதைவிட ஒரு பிடி கூடவே போட்டோம். முந்தின வருடக் கடன் அப்படிப் போட வைத்தது. மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்க மண்புழு. உள்ளே இருக்க முடியாமல் மேலே வந்து நெளிந்தன. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டன. என் மாமனார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "கூலி கேக்காம வேலை செஞ்ச ஆளுங்க. அவங்களையே கொன்னுட்டமே" என்றார். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடக்கூட வரவில்லை.

அந்தப் போகம் கேரட் தேறியது. மேட்டுப்பாளையம் மண்டியில் விலையும் கிடைத்தது. அடுத்த வருடம் நூற்புழு திரும்ப வந்தது, மண்புழு வரவில்லை.

அதற்கப்புறம் மாமா நிலத்தின் மேல்கோடியில் ஐந்து சென்ட்டை யாரும் கொத்தக்கூடாது, மருந்தும் போடக்கூடாது என்று விட்டுவைத்தார். ஒரு காட்டு நாவல் மரம், அதன் சருகு, பெரணி, கொஞ்சம் புல். இன்று வரை அந்த இடம் அப்படியே இருக்கிறது. இந்தக் கடிதத்தில் அந்த ஐந்து சென்ட் அடிக்கடி வரும்.

2015-இல், மண்ணைச் சோதித்து விவசாயிக்கு முடிவை எழுதித் தரும் மண்வள அட்டைத் திட்டம் வந்தது. எங்கள் நிலத்திலும் மண் எடுத்துப்போய் அட்டை கொடுத்தார்கள். அதில் பன்னிரண்டு விவரம் இருக்கும். தழை, மணி, சாம்பல், கந்தகம் என்று நான்கு சத்து. துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்று ஐந்து நுண்சத்து. கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் (மக்கிய இலைதழையிலிருந்து மண்ணில் சேரும் கரிமம்). எனக்கு அந்த அட்டை மேல் மதிப்பு உண்டு. எங்கள் மண் எவ்வளவு புளித்துப்போயிருக்கிறது என்று அது சொன்ன பிறகுதான் சுண்ணாம்பை அளவு பார்த்துப் போட ஆரம்பித்தோம். முட்டைக்கோஸில் வேர் வீங்கும் நோய் கொஞ்சம் அடங்கியதும் அதனால்தான். ஆனால் மாமா அட்டையை வாங்கி, கண்ணாடி போட்டு, மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் படித்துவிட்டு, "இதுல புழு எத்தனைன்னு போடலையா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் இப்போது இல்லை. அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவரத்தான் எழுதுகிறேன்.

அங்ககக் கரிமம் என்ற வரி போதாதா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். போதாது. அது களஞ்சியத்தில் எவ்வளவு தானியம் இருக்கிறது என்று சொல்லும் கணக்கு. வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று அது சொல்லாது. அதிலும் நம் மலையில் அந்த வரி ஆளை ஏமாற்றும். குளிரும் அமிலமும் சேர்ந்து இலைதழை மெதுவாக மக்குகிற இடம் இது. அதனால் பல நூறு வருடச் சேமிப்பு மண்ணுக்குள் கிடக்கிறது. சமவெளி அளவுகோலில் பார்த்தால் எங்கள் நிலத்துக்கு எப்போதும் 'அதிகம்' என்றே வரும். விவசாயியும் நிம்மதியாக இருந்துவிடுவான். மண் சூடாக ஆக, அந்தச் சேமிப்பைக் கரைக்கிற வேகமும் கூடும். கரிமம் காற்றுக்குப் போகும். முன்பெல்லாம் எப்போது உறைபனி தொடங்கும் என்று மாமா நாள் குறித்துச் சொல்வார், நாங்களும் பெரணியை வெட்டி நாற்றுக்கு மேல் பரப்பி வைப்போம். இப்போது பனியையும் நம்ப முடியவில்லை, வெயிலையும் நம்ப முடியவில்லை. இப்படி மாறுகிற காலத்தில், இருப்பை மட்டும் எண்ணி ஆளை எண்ணாமல் விடுவது எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மாமாவின் பழைய பருத்தி வேட்டி ஒன்றை இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியைக் கேரட் பாத்தியில் அரை அடி ஆழத்திலும், மறு பாதியை ஐந்து சென்ட்டிலும் புதைத்துக் குச்சி நட்டு வைத்தேன். பருத்தி என்பது செல்லுலோஸ். பூஞ்சையும் பாக்டீரியாவும் அதைத் தின்னும். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினேன். பாத்தியில் இருந்த துணியை அலசிக் கொடியில் காயப்போட முடிந்தது. ஐந்து சென்ட்டில் கையில் வந்தது வேட்டியின் கரைப்பட்டையும் நாலு நூலும்தான். ஒரே சரிவு, ஒரே மழை, நடுவில் நாற்பது அடி தூரம். அட்டையில் இரண்டுக்கும் அங்ககக் கரிமம் 'அதிகம்' என்றுதான் வந்திருக்கும்.

மண்ணுக்குள் எவ்வளவு உயிர் இருக்கிறது என்பதற்கு 2023-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். உலகின் உயிரினங்களில் 59 சதவீதம் தங்கள் வாழ்க்கைக்கு மண்ணை நம்பியிருப்பதாக அது மதிப்பிட்டது. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-இல் நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டது. 5,520 சதுர கிலோமீட்டர். அதன் பெயரைச் சொன்னால் யானையும் புலியும் வரையாடும் குறிஞ்சியும் நினைவுக்கு வருகின்றன. அவற்றைக் காப்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நம் சோலைக்காடுகளுக்கு வருகிற காட்டு உள்ளான், நீண்ட அலகை ஈர மண்ணில் செருகிப் புழு தேடித்தான் பிழைக்கிறது. நாங்கள் கொத்தும்போது எருக்குழி ஓரத்தில் ஒரு சின்னப் பாம்பு வரும். பெரோட்டெட்டின் மண்பாம்பு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. விஷம் இல்லை, முட்டையும் இடாது, குட்டி போடும், மண்புழு தின்று வாழும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. விரியன் என்று பயந்து மண்வெட்டியால் அடித்துவிடுகிறார்கள். மண்புழு போனால், அடிக்காமலேயே அதுவும் போய்விடும்.

சரி, மண்ணில் வாழும் ஒன்றாவது அரசுக் கோப்பில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். ஏறியிருக்கிறது. 1961-இல் உதகையில் உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு இங்கத்து விதைக்கிழங்கு வெளிமாநிலம் போகத் தடை வந்தது. எதிர்த்து நிற்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற ரகம் வந்தது. பெண் புழு செத்த பிறகு அதன் உடம்பே கூடாக மாறி, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டையைப் பல வருடம் காத்து வைத்திருக்கும். உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் நீர் பட்டதும் குஞ்சு பொரிக்கும். அத்தனை நுணுக்கமாக ஒரு புழுவைப் படித்திருக்கிறோம். அதற்காக உழைத்தவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் நூற்புழுக்களில் பயிரைத் தின்பவை ஒரு பகுதிதான். மீதியில் பெரும்பாலானவை பாக்டீரியாவையும் பூஞ்சையையும் மற்ற நூற்புழுக்களையும் தின்று, அதில் இருக்கும் தழைச்சத்தை வேருக்கு எட்டுகிற மாதிரி வெளியே விடுபவை. நூற்புழுவைச் சுருக்குப் போட்டுப் பிடிக்கும் பூஞ்சைகூட மண்ணில் உண்டு. குருணை மருந்துக்கு யார் பகை, யார் உறவு என்று தெரியாது. எல்லாரையும் அடித்தது. காலியான வீட்டுக்கு முதலில் திரும்பி வந்தது பகைதான்.

மண்புழுவை எண்ணச் சொல்கிறேன் என்றதும், சும்மா எண்ணிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கே இது பிறகுதான் புரிந்தது. மண்புழு என்பது ஒரு சாதி இல்லை. இலைக்குப்பையில் வாழ்வது ஒன்று, மேல்மண்ணில் பக்கவாட்டில் துளைத்துப் போவது ஒன்று, ஆழத்துக்கு இறங்கி மேலும் கீழும் போய்வருவது ஒன்று. மழைத் தண்ணீரை உள்ளே இறக்கும் வேலை கடைசியாகச் சொன்னதற்கு. மானிய விலையில் கொடுக்கப்படும் மண்புழு உரத் தொட்டிகளில் விடும் புழு பெரும்பாலும் வெளிநாட்டுச் சருகுப்புழு. தொட்டியில் நன்றாக உரம் பண்ணும். நிலத்தில் விட்டால் துளை போடாது. நம் மலைப் புழுவின் வேலையை அது செய்யும் என்று நாங்கள் சில பேர் நம்பி ஏமாந்திருக்கிறோம்.

இன்னொரு விஷயமும் உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த பொண்டோஸ்கோலெக்ஸ் என்ற புழு மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டங்களில் பரவியிருக்கிறது. துணை இல்லாமலேயே பெருகும். காட்டை அழித்து, மண்ணைக் கிளறிய இடங்களில்தான் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே குழியில் இருபது புழு கிடைத்தாலும், இருபதும் அதுவாக இருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. எத்தனை என்பதோடு எவை என்பதும் வேண்டும். 1886-இலேயே போர்ன் என்ற விலங்கியலாளர் நீலகிரி, சேர்வராயன் மலைகளின் மண்புழுக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1900-இல் மைக்கேல்சன் என்ற ஜெர்மானியர் ஒரு மண்புழுப் பேரினத்துக்கு 'ட்ராவிடா' என்று பெயர் வைத்தார். நம் மண்ணின் பெயரையே சுமக்கிற புழு. பழைய தமிழில் நாங்கூழ் என்று அதற்கு அழகான பெயரும் இருக்கிறது. பெயர் வைத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், என் நிலத்தில் இருப்பது எது என்று எனக்குச் சொல்ல பக்கத்தில் யாரும் இல்லை.

வனத்துறையில் இருப்பவர்களிடம் தனியாக ஒன்று. சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் எடுத்துவிட்டுப் புல்வெளியை மீட்க வேண்டும் என்ற முடிவை நான் மனதார வரவேற்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் கொண்டுவந்த மரங்கள் புல்வெளியை எப்படி விழுங்கின என்பது நீங்கள் அறிந்ததே. சீகை வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியா குடியிருக்கிறது. கேட்க நல்லதாகத் தோன்றும். ஆனால் குறைந்த சத்தில் வாழப் பழகிய மலைப்புல்லுக்கு அது வேறு மண். அந்தச் சத்தைத் தின்று கொழுப்பது களைகள்தான். கற்பூர மரமும் பைனும் தங்களுக்கென்று வேர்ப்பூஞ்சைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவை. சோலை மரங்களோடு வாழும் வேர்ப்பூஞ்சை வேறு வகை. மேலே மரத்தை வெட்டினாலும், கீழே நடந்த குடிமாற்றம் அப்படியே கிடக்கும். சீகை விதையோ மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். மண்ணைக் கிளறினாலோ தீ பட்டாலோ ஒன்றாக முளைத்து எழும். அதனால் கனரக இயந்திரத்தைக் காட்டுக்குள் இறக்கி வேரோடு பெயர்ப்பதை யோசித்துச் செய்யுங்கள். கையால் வெட்டி, பட்டையை உரித்து, முளைக்கும் கன்றை வருடா வருடம் பிடுங்குவது மெதுவான வேலைதான். ஆனால் அது உள்ளூர் ஆட்களுக்குக் கூலி கொடுக்கும், மேல்மண்ணையும் விட்டுவைக்கும்.

அந்த மேல்மண்ணின் வயசைச் சொல்கிறேன். 1993-இல் விஞ்ஞானி ராமன் சுகுமாரும் அவரோடு இருந்தவர்களும் நீலகிரிச் சதுப்பில், செடிகொடி அரைகுறையாக மக்கிப் படிந்த கரிமண்ணை அடுக்கடுக்காக எடுத்து, 20,000 வருடக் காலநிலையை அதிலிருந்து வாசித்தார்கள். வறண்டு புல் பெருகிய காலம், ஈரம் கூடி மரம் பெருகிய காலம் எல்லாம் அந்தக் கரிமண்ணின் கார்பனில் பதிந்திருந்தது. அந்த மாதிரிச் சதுப்புகள் எத்தனையோ வாய்க்கால் வெட்டி வடிக்கப்பட்டுக் காய்கறிப் பாத்தி ஆகிவிட்டன. எங்கள் பக்கத்துப் பள்ளத்திலும் ஒன்று அப்படி ஆனது. முதல் ஐந்தாறு போகம் பொன்னாக விளைந்தது. இப்போது கோழி எரு லோடு இறக்காமல் ஒன்றும் வருவதில்லை.

மழையைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. 2009 நவம்பரில் நிலச்சரிவில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சரிவுக்குக் காரணம் பல. கட்டடம், சாலை வெட்டு, பாறை அமைப்பு எல்லாம் உண்டு. மண்புழு இருந்திருந்தால் மலை சரிந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. என் நிலத்தில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று நாங்களும் பாத்தியைச் சரிவோடு மேலிருந்து கீழாகத்தான் போட்டுவந்தோம். ஒரு பெருமழை இரவில் பாத்தியெல்லாம் ஓடையாக ஓடி, காலையில் கீழ்ச்சாலையில் என் வீட்டு மண் கணுக்கால் அளவு கிடந்தது. மேல்கோடி ஐந்து சென்ட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் தெளிவாக இருந்தது. பூஞ்சை இழையும் புழு எச்சமும் மண்ணைக் குருணை குருணையாகக் கட்டி வைத்திருக்கும். புழுத் துளை தண்ணீரை உள்ளே வாங்கும். கோத்தகிரியில் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான், ஆனாலும் சுற்றியுள்ள ஊர்கள் அதிலிருந்து வரும் தண்ணீரைக் குடிக்கின்றன. அந்தத் தண்ணீரை மரம் மட்டும் பிடித்து வைக்கவில்லை. மரத்தடியில் இருக்கும் உயிருள்ள மண் பிடித்து வைக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. மண்வள அட்டைக்கு மண் எடுக்க வரும்போது, அதே இடத்தில் ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, மண்ணைச் சாக்கில் கொட்டி, கண்ணுக்குத் தெரியும் உயிரை எண்ணிப் பதின்மூன்றாவது வரியாக எழுதுங்கள். தென்மேற்கு மழை தொடங்கிய பிறகு ஒரு தடவை, வடகிழக்கு மழையில் ஒரு தடவை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அரை நாளில் செய்துவிடுவார்கள். உதகை அரசுக் கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மலையின் புழு எது, வந்தேறி எது என்று பிரிக்க அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். 1954 முதல் உதகையில் மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கணக்கைச் சரிபார்க்க அவர்களைவிடத் தகுந்தவர் யார்? சோலை ஓரம், புல்வெளி, சீகைக் காடு, தேயிலை, காய்கறி நிலம் என்று ஐந்து இடத்தில் வருடா வருடம் எண்ணினால், காலநிலை மாறும்போது அடியில் என்ன மாறுகிறது என்று பத்து வருடத்தில் நம்மிடமே ஒரு பதிவேடு இருக்கும்.

அப்புறம், நிலத்தில் ஒரு மூலையைச் சும்மா விடுகிற விவசாயிக்கு ஏதாவது செய்யுங்கள். அந்தக் காலத்தில் இங்கே சாமையும் ராகியும் விதைத்தவர்கள் சில வருடம் விதைத்து, பல வருடம் தரிசாக விட்டார்கள் என்று பக்கத்து ஹட்டியின் (படுகர் ஊரின்) பெரியவர்கள் சொல்வார்கள். ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிற என்னால் அப்படி விட முடியாது. ஐந்து சென்ட் விடலாம். கடனில் இருக்கிறவருக்கு அதுவும் கஷ்டம். சொட்டுநீருக்கும் பசுமைக்குடிலுக்கும் மானியம் இருப்பதுபோல, கொத்தாமல் விட்ட மூலைக்கும் ஒரு சின்னத் தொகை இருந்தால், அங்கிருந்து உயிர் பாத்திக்குள் நடந்து வரும். எங்கள் நிலத்தில் வந்திருக்கிறது. குருணை மருந்தை நிறுத்தி, பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி, ஒரு போகம் விட்டு ஒரு போகம் பட்டாணியோ பீன்ஸோ போட்டு, ஒன்பது வருடம் ஆன பிறகு, ஐந்து சென்ட்டை ஒட்டியிருக்கும் முதல் நான்கு பாத்தியில் புழு எச்சம் தெரிகிறது. ஐந்தாவது பாத்திக்கு இன்னும் வரவில்லை.

ஜூன் மழை பிடித்து இரண்டாவது வாரம் நான் அந்த ஐந்தாவது பாத்தியில் குழி தோண்டப் போகிறேன். உங்களில் யாராவது வந்தால் நன்றாக இருக்கும். காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் புழு கீழே போய்விடும். சாக்கும் மண்வெட்டியும் நான் எடுத்து வைக்கிறேன். நீங்கள் அந்த அட்டையைக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்துக் காய்கறி விவசாயி ஒருத்தி